துண்டில் நின்றது

என் தம்பி ஊர்ச் சபையில் விழுந்து கிடந்த நேரம் எவ்வளவு என்று கேட்டால் நான் சரியாகச் சொல்வேன். எங்கள் பெரியப்பா மகன் தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து, உதறி, இரண்டாக மடித்து, பிறகு நான்காக மடித்து, ஓரம் சரிபார்த்து, மறுபடி தோளில் போட்டுக்கொள்கிற நேரம். அதுவரை என் தம்பியின் நெற்றி பொட்டல் மண்ணில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் சபையில் விழுந்தால், யார் முன்னால் விழுந்தாரோ அவர் 'எந்திரி' என்று சொன்ன பிறகுதான் எழ வேண்டும். வழக்கமாக யாரும் இழுத்தடிப்பதில்லை. முழங்கால் தரையில் படும்போதே சொல்லிவிடுவார்கள், சிலர் பாதியிலேயே கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். இவர் துண்டை மடித்தார்.

பெண்கள் நிற்கும் பக்கத்தில் நின்று நான் அதைப் பார்த்தேன். அந்த நான்கு மடிப்பையும் வட்டியோடு திருப்பிக் கொடுக்காமல் சாவதில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். ஒன்றேகால் வருஷம் அதே நினைப்போடுதான் எழுந்தேன், குளித்தேன், பஸ் ஏறினேன். நல்ல பெண்கள் இப்படி நினைக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால், சரி, நான் நல்ல பெண் இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தம்பி கத்தாரில் பதினாலு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, இனிமேல் போவதில்லை என்று திரும்பி வந்தவன். திருவரங்குளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். பாகம் பிரித்தபோது மேட்டு நிலம் பெரியப்பா வீட்டுக்கும் பள்ளத்து நிலம் எங்களுக்கும் வந்தது. பள்ளத்தில் வேறென்ன செய்வது, தம்பி பண்ணைக்குட்டை வெட்டி மீன் விட்டான். கட்லாவும் ரோகுவும். காலையில் தீவனத்தோடு கரையில் நின்று அவன் கையைத் தட்டினால் தண்ணீர் கொதிப்பது போல மீன்கள் மேலே வரும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கை தட்டிக் காட்டுவான். என்னிடம் மட்டும் இருபது தடவை காட்டியிருப்பான்.

இரண்டாவது வருஷம் மழை முடிந்ததும் மீன்கள் சாகத் தொடங்கின. கூட்டமாக இல்லை. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு மூன்று. வளர்ச்சியும் நின்றுபோனது. தலை பெரிதாக, உடம்பு ஒட்டிப்போய், வயிறு மட்டும் உப்பியிருந்தது. மேட்டு நிலத்தில் அந்தப் பெரியப்பா மகன், எங்களுக்கு அண்ணன், கத்தரியும் வெள்ளரியும் போட்டிருந்தார். வாரத்துக்கு இரண்டு தடவை மருந்தடித்தார். மேலே பெய்யும் மழை அவர் வயல் வழியாக ஓடி எங்கள் குட்டையில்தான் விழும். தம்பி இரண்டையும் கூட்டிப் பார்த்தான். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். டீக்கடையில் பத்துப் பேர் இருக்கும்போது, பங்காளி என் குட்டையில் விஷம் விடுகிறார் என்று சொல்லிவிட்டான்.

அண்ணன் சபையைக் கூட்டினார். என்னைப் பழி சொன்னவன் அதை நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் சபையில் விழ வேண்டும் என்றார். தம்பி தயங்கவே இல்லை. தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புவோம், எங்க அக்கா அந்த வேலையில்தான் இருக்கு என்றான். கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். குடுவை கழுவுவது, கரைசல் கலந்து வைப்பது, பிள்ளைகள் உடைத்ததைக் கூட்டி அள்ளுவது. முப்பது வருஷத்தில் நான் கழுவிய குடுவையில் ஒரு திட்டு இருந்ததாக ஒருவர் சொன்னதில்லை. குட்டைத் தண்ணீரை நானே கண்ணாடிப் பாட்டிலில் முகர்ந்தேன். எங்கள் பக்கத்துச் செம்மண் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா, டீயைப் போலக் கலங்கிக் கிடந்தது. திருச்சி சோதனைக்கூடத்துக்கு அதை அப்படியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கள் வீட்டுச் சேற்றோடு போய் வேற்று மனிதர்கள் மேசையில் உட்காருவதா? கல்லூரிக்கு எடுத்துப்போய், புனலில் வடிதாள் போட்டு, மூன்று தடவை வடிகட்டினேன். கண்ணாடியாக இறங்கியது. தாளில் சேறும், அதில் மினுக்கென்று இரண்டு மூன்று துணுக்கும் நின்றன. தாளைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

பூச்சிமருந்து எதுவும் கண்டறியப்படவில்லை என்று அறிக்கை வந்தது.

அண்ணன் அறிக்கையோடு விடவில்லை. சபைக்கு வரும்போது எங்கள் குட்டையிலிருந்தே ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருந்தார். செம்பின் வாயில் தன் துண்டைப் போட்டு, வாளியைச் சாய்த்து, வடிகட்டி, அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தார். ஊருணித் தண்ணீரைத் தலைமுறை தலைமுறையாகத் துணி போட்டு வடித்துக் குடிக்கிற ஊர் எங்களுடையது. அவர் வடித்ததை யாரும் ஒரு பொருட்டாகவே பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. குடித்ததைத்தான் பார்த்தோம். விஷம் என்றால் செத்திருக்க வேண்டுமே, இவர் ஏப்பம் விட்டார். அதற்குப் பிறகுதான் தம்பி விழுந்தது. அதற்குப் பிறகுதான் அந்த ஈரத் துண்டு நான்காக மடிந்தது.

தம்பி அதோடு குட்டைப் பக்கம் போவதை நிறுத்தினான். டீக்கடைக்கும் போகவில்லை. ஒரு நாள் நான் போனபோது பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க எடுத்து வைத்திருந்தான். எதுக்குடா என்றேன். "இங்க எந்திரிச்சு நடக்க முடியலைக்கா. எல்லாரும் என் நெத்தியத்தான் பார்க்கிறாங்க" என்றான். அவன் மனைவி அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். இன்னொரு தடவை போனால் அவன் கிழவனாகத்தான் வருவான். எனக்கு இருப்பது ஒரே உடன்பிறப்பு.

நான் என்னால் முடிந்த பழிகளை வாங்கத் தொடங்கினேன். சின்னப் பழிகள்தான். அண்ணன் பேத்தியின் காதுகுத்துக்கு நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய், எல்லாரும் பந்தியில் உட்காரும் நேரம் பார்த்து, தண்ணீர் கூடக் குடிக்காமல் வாசல் வழியாக எல்லார் கண்ணிலும் படும்படி வெளியே வந்தேன். அவர் வீட்டில் கை நனைக்கவில்லை என்பது அன்று மாலைக்குள் கறம்பக்குடிச் சொந்தங்கள் வரை போய்ச் சேர்ந்தது. அவர் கத்தரிக்காய் சந்தைக்கு வந்தால், பக்கத்தில் நிற்கிறவளிடம் சொத்தை அதிகமாக இருக்கிறதே என்று சத்தமாகச் சொல்வேன். தினமும் பஸ் அவர் வயலைத் தாண்டும்போது மனசார நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பேன். இதெல்லாம் பசிக்குப் பொரி தின்பது போலத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டையில் மிதந்த ஒரு ரோகுவை எடுத்து, கரையில் உட்கார்ந்து வயிற்றைக் கிழித்துப் பார்த்தேன். குடலில் இரை இல்லை. அரிசிக் குருணை அளவில் துணுக்குகள் அடைத்துக் கிடந்தன. உள்ளங்கையில் வைத்துக் கழுவினேன். ஒரு பக்கம் வெள்ளி, மறு பக்கம் கறுப்பு.

அது என்னவென்று சின்னப் பிள்ளையும் சொல்லும். களை வராமலிருக்கப் பாத்தியில் விரிக்கிற மல்ச்சிங் சீட். எங்கள் சரிவில் அதை விரித்திருந்தவர் அண்ணன் ஒருவர்தான். காய் ஓய்ந்ததும் சீட்டை உரித்துச் சுருட்டி எடுக்க வேண்டும். அவர் உரிக்கவில்லை, அப்படியே ரோட்டவேட்டர் விட்டு உழுதுவிட்டார். அது தூள் தூளாகி மண்ணோடு கலந்து, வெயிலில் இன்னும் நொறுங்கி, மழையோடு கீழே வந்து, மினுக்குவதைப் பார்த்து இரை என்று நினைத்த மீன்களின் வயிற்றில் உட்கார்ந்துவிட்டது.

ஆனாலும் அது வெறும் பிளாஸ்டிக்தானே. தண்ணீரில் மருந்து இல்லை என்று அறிக்கையே சொல்லிவிட்டதே. அங்கேயே முட்டிக்கொண்டு நின்றேன்.

கதவைத் திறந்தது என் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா. எங்கள் துறைப் பேராசிரியை என்னோடு சேர்ந்து சாப்பிடுகிறவர். ஒரு நாள் நான் டப்பாவைக் கழுவிக்கொண்டே, நாலு மாதத்துக்கு முன்னால் மீன்குழம்பு கொண்டுவந்த டப்பா, எத்தனை சோப்புப் போட்டாலும் மஞ்சளும் போகவில்லை, வாடையும் போகவில்லை என்று அலுத்துக்கொண்டேன். அவர் சிரித்தார். "போகாதுக்கா. எண்ணெய்ப் பசை உள்ளதுக்குத் தண்ணியில இருக்கப் பிடிக்காது. பிளாஸ்டிக் கிடைச்சா போய் ஒட்டிக்கும். பூச்சிமருந்துல பலதும் அதே குணம்தான். ஆத்துல, குளத்துல கிடக்கிற பிளாஸ்டிக் தூள் மேல எல்லாம் அப்பிக்கிட்டுத்தான் ஊர் ஊராப் போகுது. தண்ணியில தேடினா ஒண்ணும் கிடைக்காது" என்றார்.

நான் குழாயை மூட மறந்து நின்றேன். வாரத்துக்கு இரண்டு தடவை அடித்த மருந்து செடியில் மட்டுமா விழும்? மாதக்கணக்கில் அந்தச் சீட்டின் மேலும்தான் விழுந்தது. விழுந்தது ஒட்டிக்கொண்டது. மருந்து தண்ணீரில் கரைந்து வரவில்லை, துணுக்குகள் மேல் சவாரி செய்து வந்திருக்கிறது. அண்ணன் அதைத் துண்டில் நிறுத்திவிட்டு மிச்சத்தைக் குடித்திருக்கிறார்.

சந்தோஷம் தலைக்கேறியது. அடுத்த நிமிஷமே என் வடிதாள் நினைவுக்கு வந்தது. மினுக்கென்று நின்ற இரண்டு மூன்று துணுக்குகள். தம்பி நிரபராதி என்பதற்கான சாட்சியை முப்பது வருஷச் சுத்தத்தோடு சுருட்டிக் குப்பையில் போட்டவள் நான். சோதனைக்கூடம் வடிகட்டச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சேற்றைப் பிறர் பார்க்கக் கூடாது என்று நான்தான் செய்தேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என்னக்கா என்று கேட்டார் பேராசிரியை. பித்தம் என்றேன்.

இதைத் தம்பியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் அண்ணன் மேல் கோபத்தைக் கூட்டிக்கொண்டேன். அது சுலபமாக இருந்தது.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ஞாயிறு தவறாமல், வாய்க்கால் குட்டையில் விழும் இடத்தில் முட்டளவு தண்ணீரில் மாவுச் சல்லடையோடு நின்றேன். ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது. மேட்டிலிருந்து அண்ணனும் ஒரு தடவை எட்டிப் பார்த்து, "என்ன ஆத்தா, அயிரை பிடிக்கிறியா?" என்றார். ஆமாண்ணே, ஒங்களுக்குக் குழம்பு வைக்கத்தான் என்றேன். சேர்த்ததை மண் போக அலசி, நிழலில் உலர்த்தினேன். ஒரு ஊறுகாய்ப் பாட்டில் நிறைந்தது. பாதியைப் பேராசிரியை தனக்குத் தெரிந்த சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார். இந்தத் தடவை எதையும் வடிகட்டவில்லை. துணுக்குகளை ஊறவைத்து எடுத்த சாற்றில், அண்ணன் வயல் வரப்பில் காலி டப்பாவாகக் கிடந்த அதே மருந்து இருந்தது. இது துணுக்குகள் மருந்தைச் சுமக்கின்றன என்று மட்டும்தான் சொல்கிறது, மீன் செத்தது இதனால்தான் என்று சொல்ல இன்னும் நிறையப் பார்க்க வேண்டும் என்று பேராசிரியை எச்சரித்தார். நான் தலையாட்டினேன். அவர் படித்தவர், அவருக்குப் பொறுமை உண்டு. எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு சபை.

தை மாதம் அய்யனார் கோயில் பொட்டலில் சபை கூடியது. நான் கேட்டதால் கூடியது. எங்கள் ஊரில் அதுவரை ஒரு பெண் கேட்டுச் சபை கூடியதில்லை. முதலில் அறிக்கையை நீட்டினேன். ஊர்ப் பெரியவர் வாங்கவில்லை. போன தடவையும் ஒரு காகிதம்தான் வந்தது, அது ஒன்று சொன்னது, இது ஒன்று சொல்கிறது, எந்தக் காகிதத்தை நம்புவது என்றார். நியாயம்தான்.

நான் பையிலிருந்து மீன்குழம்பு டப்பாவை எடுத்தேன். நடுவில் நின்று தண்ணீர் ஊற்றி, குலுக்கி, ஒரு தம்ளரில் சாய்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. தம்ளரைப் பெண்கள் பக்கம் கொடுத்தேன், வாடை இல்லை என்றார்கள். டப்பாவைக் கொடுத்தேன். முதலில் முகர்ந்தவளே மூக்கைச் சுளித்து மீன்குழம்பு என்றாள். கைமாறிக் கைமாறிப் போனது. ஆண்கள் பக்கம் வருவதற்கு முன்பே பெண்கள் பக்கம் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். டப்பா கழுவுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பிறகு வாழையிலைத் துண்டு ஒன்றை அண்ணன் முன்னால் விரித்தேன். ஊறுகாய்ப் பாட்டிலில் இருந்த மிச்சத்தை அதில் கொட்டினேன். வெயிலில் வெள்ளிச் சரிகை மாதிரி மின்னியது.

"அன்னைக்கு வடிகட்டிக் குடிச்சீங்கண்ணே. ஒங்க துண்டுல நின்னது இதுதான். ஒரு சிட்டிகை வாயில போடுங்க. போட்டுட்டா நானே ஒங்க கால்ல விழுறேன்."

விஷயம் புரிந்த நாளிலிருந்து இந்த வாக்கியத்தை நான் பஸ்ஸில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லி முடித்தபோது உடம்பெல்லாம் இனித்தது. அண்ணன் இலையைப் பார்த்தார். தோள் துண்டைத் தொட்டார், பிறகு கையை எடுத்துவிட்டார். சீட்டை உரிக்க ஆள் வரவில்லை, உழுதுவிட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று டிராக்டர்காரன் சொன்னான், நம்பிவிட்டேன் என்று மெதுவாகச் சொன்னார். இனிமேல் ஒரு துண்டு விடாமல் உரித்து எடுப்பதாகவும், வாய்க்கால் தலையில் வலை கட்டுவதாகவும் ஒப்புக்கொண்டார். அது போதாது என்று எனக்கு இருந்தது.

பெரியவர், சரி, விழுந்துடுப்பா என்றார். அண்ணன் எழுந்தார். எழுந்தவர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"நான் துண்டுல வடிகட்டினேன், சரி ஆத்தா. அன்னைக்கு சோதனைக்குப் போன தண்ணிய யாரு வடிகட்டினது?"

தம்பி என்னைப் பார்த்தான். திருச்சியில் வடிகட்டினார்கள் என்று சொல்லியிருக்கலாம். யாரும் போய்க் கேட்கப் போவதில்லை. வாய் வரைக்கும் அது வந்தது. ஆனால் தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்குப் பெருமை தாங்காத அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

"நான்தான்" என்றேன். "தாள்ல நின்னதை நான்தான் குப்பையில போட்டேன். நாலு மாசம் முன்னாடியே எனக்குத் தெரியும்."

அண்ணன் திரும்பி, தம்பி முன்னால் விழுந்தார். நான் அதற்காகவே வாழ்ந்த நொடி அது. அவர் கிடக்க வேண்டும், நான்கு மடிப்பு நேரம் கிடக்க வேண்டும். அவர் முழங்கால் மண்ணில் பட்டதும் தம்பி குனிந்து தோளைத் தொட்டு, "எந்திரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டான். நெற்றி தரையில் படவே இல்லை.

பிறகு நான் நடந்துபோய்த் தம்பி முன்னால் நின்றேன். மூத்தவள் இளையவன் காலில் விழுவது எங்கள் பக்கத்தில் ஆகாது. பெண்கள் பக்கம் யாரோ என் பேரைச் சொல்லி வேண்டாம் என்றார்கள். நான் விழுந்தேன். மண் சூடாக இருந்தது. நெற்றியை வைத்துக்கொண்டு, இப்போது சொல்லிவிடுவான், இப்போது சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன்.

தலைக்கு மேலே துணியை உதறும் சத்தம் கேட்டது. அவன் தன் தோள் துண்டை எடுத்திருக்கிறான். ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டாக மடித்தான். நிதானமாக நான்காக மடித்தான்.